பவளத்துக்கும் பசிக்கும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேசுவது எண்களைத்தான். கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை, பவளம் எலும்பு கட்ட எடுக்கும் பைகார்பனேட்டின் அளவு) எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் சேரும் நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு. கடைசி இரண்டுக்கும் ‘ஸீரோ’ என்று சொல்பவரின் குரலில் ஒரு பெருமிதம் வந்துவிடும், கேட்பவரும் மரியாதையோடு தலையாட்டுவார். இந்த ஸீரோ எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நானும் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் வீட்டுத் தொட்டிகளையும் வருடக்கணக்கில் பார்த்துவருகிறேன். ஸீரோவுக்காகப் பாடுபடும் தொட்டிகளில் பவளம் உயிரோடு இருக்கிறது, ஆனால் வளர்வதில்லை. நன்றாக வளரும் தொட்டிகளில் கண்ணாடியில் கொஞ்சம் பாசி இருக்கிறது, அடியில் கொஞ்சம் கசடு இருக்கிறது, மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபமே வருகிறது. அதனால்தான் நிதானமாக எழுதிப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.

இவ்வளவு யோசனைக்கும் காரணம் செங்காங்கில் இருக்கும் நண்பர் ஒருவரின் தொட்டி. என்னைவிட இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் ஓடும் தொட்டி. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மர், நல்ல விளக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், இரண்டு பக்கமும் அலை எழுப்பும் வேவ்மேக்கர், கீழே சம்ப் என்னும் துணைத்தொட்டியில் பாஸ்பேட்டை உறிஞ்ச ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு) ரியாக்டர், எதிலும் குறை வைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது, அவ்வளவு தெளிவு. உள்ளே அக்ரோபோரா, மான்டிப்போரா, ஸ்டைலோபோரா என்று கடின பவளங்களின் ஒரு கூட்டமே இருந்தது. நீல விளக்கில் படம் எடுத்தால் இளம் மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர் ஊதா என்று அழகாகத்தான் தெரியும். வெள்ளை விளக்கைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அக்ரோபோராவின் தோல் அவ்வளவு மெல்லிசாக இருந்தது, கீழே எலும்புக்கூட்டின் சின்னச்சின்னக் குழாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பவளத்தின் சின்னச்சின்ன உயிர்களான பாலிப்கள் வெளியே வரவில்லை. சில கிளைகளின் நுனி கருகி, உயிரில்லாத வெள்ளையாக இருந்தது. முக்கியமாக, ஃப்ராக்கை, அதாவது வளர்ப்பதற்கு வெட்டியெடுத்த பவளத்துண்டை, பாறையில் ஒட்டிய இடத்தில் பசை இன்னும் அப்படியே தெரிந்தது. ஆரோக்கியமான அக்ரோபோரா என்றால் முதலில் மேலே வளராது, அடியில்தான் படரும், பசையை மூடிக்கொண்டு பாறைமேல் ஒரு தட்டுபோல விரியும். இங்கே ஒட்டி வருடம் ஒன்றாகப் போகிறது, பசை தெரிகிறது.

பிடோக்கில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தொட்டிக்கு யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். பக்கக் கண்ணாடிகளை அவர் துடைப்பதே இல்லை, முன்பக்கத்தை மட்டும் வழிப்பார். மீன்களுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து முறை தீனி போடுவார், பார்க்கிற எனக்கே பயமாக இருக்கும். ஆனால் அவருடைய மான்டிப்போரா அடுக்கடுக்காகத் தட்டு விட்டு, கை நுழைய இடமில்லாமல் நிற்கிறது. ஐயா, நைட்ரேட் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், “பத்துப் பதினஞ்சு இருக்கும் தம்பி, பார்த்து ரொம்ப நாளாச்சு, கேஹெச் மட்டும் தவறாமப் பார்ப்பேன்” என்பார்.

இந்த இரண்டு தொட்டிகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸீரோ எங்கிருந்து வந்தது

ஸீரோ ஆசை முட்டாள்தனமாக வந்ததல்ல. அதற்குப் பின்னால் உண்மையான சேதங்கள் இருக்கின்றன. ஹவாயில் கானியோஹி விரிகுடாவுக்குள் பல வருடங்கள் கழிவுநீர் விடப்பட்டது. குமிழ்போல உருண்டு வளரும் ஒரு பச்சைப் பாசி பவளங்களை மூடிக்கொண்டு போனது. 1977-78ல் கழிவுநீரை ஆழ்கடலுக்குத் திருப்பிய பிறகுதான் அது அடங்கத் தொடங்கியது. அடுத்த வருடமே, 1979ல், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒன் ட்ரீ தீவில் செய்த சோதனையின் முடிவு வெளிவந்தது: நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்த பாறைத்திட்டில் சுண்ணாம்பு படியும் வேகம் பாதிக்கும் மேல் குறைந்துபோயிருந்தது. பாஸ்பேட் அதிகமானால் அது கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு படிகம் வளரவிடாது, இது பழைய வேதியியல். ஆகவே பாஸ்பேட் என்றாலே ஆர்வலர்களுக்குக் கிலி பிடித்ததில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் கருவிகள் வந்தன. 1980களில் பெர்லின் ஆர்வலர்கள் உயிர்கள் ஒட்டிய கடல்பாறையான உயிர்ப்பாறையையும் பலமான ஸ்கிம்மரையும் வைத்துக் கடின பவளங்களை வளர்த்துக் காட்டினார்கள். பிறகு பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு, பாக்டீரியாவுக்கு வோட்காவையோ வினிகரையோ சொட்டுச் சொட்டாக ஊட்டி அதன் மூலம் நைட்ரேட்டை இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு காலத்தில் நைட்ரேட்டை 40லிருந்து 10க்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. இன்றைக்குக் கருவிகள் இருக்கிற இருப்புக்கு, பத்திலிருந்து ஸீரோவுக்கு இறக்குவது ஒரு வார வேலை. முடிகிறது என்பதற்காகவே செய்கிறோம் என்பதுதான் என் எண்ணம். கடலிலும் அப்படித்தானே இருக்கிறது, திறந்த வெப்பமண்டலக் கடலின் மேல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவுதானே என்று கேட்பார்கள். கேள்வி சரியான கேள்வி. சத்தே இல்லாத நீலத் தண்ணீரில் இவ்வளவு உயிர்கள் எப்படி நிறைந்திருக்கின்றன என்பதை டார்வினின் பெயரால் புதிர் என்றே சொல்கிறார்கள்.

அந்தப் புதிருக்குள்தான் நம் தொட்டியின் விடையும் இருக்கிறது. சோதனைக் குழாய் காட்டுவது மிச்சத்தை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று அது சொல்லாது. சட்டி காலியாக இருக்கிறது என்றால் வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம், அன்றைக்கு உலையே வைக்கவில்லை என்றும் இருக்கலாம். பாறைத்திட்டின்மேல் இரவும் பகலும் அலை புரண்டுகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அலையிலும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், மீன்களின் கழிவு, கரைந்த சத்து என்று வந்துகொண்டே இருக்கின்றன, வந்த வேகத்தில் உண்ணவும் படுகின்றன. அடர்த்தி குறைவுதான், ஆனால் மொத்த வரத்து மலைபோல. நம் வீட்டுத் தொட்டியில் ஸ்கிம்மரும் ஜிஎஃப்ஓவும் வோட்காவும் சேர்ந்து, மீனுக்கு ஒரு சிட்டிகை தீனியோடு நிறுத்திக்கொண்டால் வரத்தும் இல்லை, மிச்சமும் இல்லை. எண் மட்டும் கடலின் எண்.

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்று ஒருவர் இருந்தார். 1961ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையைப் பற்றி எழுதினார். கடலிலிருந்து எடுத்த தண்ணீர், உயிர்கள் ஒட்டிய பாறை, ஒரு காற்றுக்குழாயின் குமிழிகள், வெளிச்சம், அவ்வளவுதான். வடிகட்டி எதுவும் வைக்கவில்லை. இன்று நாம் உயிர்ப்பாறை என்று சொல்லி விலை கொடுத்து வாங்குவதன் தொடக்கம் அவரிடம் இருக்கிறது. அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது, எல்லாருக்கும் அது முடியாது என்பது தெரியும். ஆனால் அழுக்கை வெளியேற்றுவதைவிட அதைத் தின்கிற உயிர்களைத் தொட்டிக்குள் வைத்துக்கொள்வது என்ற யோசனை அங்கேயே இருந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் இருந்தவரை இங்குள்ள ஆர்வலர்களில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

தோலுக்குள் இருக்கும் தோட்டம்

பவளத்தின் திசுவுக்குள் ஜூஸாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் இருக்கின்றன, அவை வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுக்கின்றன, தொட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் வெளிச்சம் நன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பு கட்ட முடியாது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், செல்லின் சவ்வுக்கும் மரபுப்பொருளுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் பவளங்களைத் தொட்டிகளில் வளர்த்தே இதை ஆராய்கிறார்கள், அதனால் அவர்கள் எழுதுவது நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2013ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், நைட்ரேட் இருந்து பாஸ்பேட் இல்லாமல் பட்டினி கிடக்கும் பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் வெளுத்துப்போகிறது என்று காட்டினார்கள். பாசி பெருக முயல்கிறது, ஆனால் சவ்வு கட்டப் பாஸ்பரஸ் கிடைக்காமல் அதன் உறுப்புகள் பலவீனமாகின்றன. நல்ல விளக்கு வாங்கிய கையோடு ஜிஎஃப்ஓவையும் போடுகிற வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று இதைப் படித்தபோது தோன்றியது. ஒரு பக்கம் வெளிச்சத்தை ஏற்றுகிறோம், மறுபக்கம் அந்த வெளிச்சத்தைத் தாங்கும் சத்தைப் பிடுங்குகிறோம்.

2023ல் அதே குழு நேச்சர் இதழில் எழுதியது இன்னும் ஆச்சரியம். பவளம் தனக்குள் இருக்கும் பாசிகளில் ஒரு பகுதியைச் செரித்துத் தின்றுவிடுகிறது. தண்ணீரில் கரைந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பவளத்தால் தானாகப் போதிய அளவு எடுத்துக்கொள்ள முடியாது, பாசி எடுத்துப் பெருகுகிறது, பெருகிய உபரியைப் பவளம் உண்கிறது. வேறு தீனியே போடாமல், கரைந்த சத்தை மட்டும் கொடுத்து வளர்த்த பவளங்கள் வளர்ந்தன, சத்து கிடைக்காதவை நின்றுபோயின. இதைக் கடலிலும் பார்த்திருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. சில தீவுகளில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன, சிலவற்றில் எலிகள் புகுந்து பறவைகளே இல்லாமல் போய்விட்டது. பறவைகள் உள்ள தீவுகளைச் சுற்றிய பவளம், எச்சத்திலிருந்து கரையும் சத்தை வாங்கிக்கொண்டு, பறவைகள் இல்லாத தீவுகளில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வளர்ந்திருக்கிறது. பறவையின் எச்சம் பவளத்துக்குத் தீனி. பிடோக் ஐயாவின் கொழுத்த மீன்கள்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

அசையாத கேஹெச்

இவ்வளவு படித்திருந்தும் செங்காங் தொட்டியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் துல்லியமாகப் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே உட்கார்ந்திருந்தோம். நண்பர், தூள் கலந்ததும் வரும் நீல நிறத்தை வைத்து அளக்கும் ஹன்னா கருவியில் பாஸ்பேட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்வது அவ்வளவு நேர்த்தி. கண்ணாடிக் குப்பியை மென்துணியால் துடைப்பார், விரல்ரேகைகூட இருக்கக்கூடாது, அது ஒளியை மறைத்து எண்ணைக் கூட்டிவிடும். தூள் போடாத தொட்டித் தண்ணீரை வைத்துக் கருவியை ஸீரோவுக்குக் கொண்டுவந்து, பொட்டலத்தைப் பிரித்துத் தூளை ஒரு துகள் சிந்தாமல் கொட்டி, இரண்டு நிமிடம் குலுக்கி, கருவி மூன்று நிமிடம் எண்ணும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். 0.00 என்று வந்தது. அந்த வகைக் கருவிகளில் 0.02 அளவுக்குப் பிழை சகஜம், ஸீரோ என்று காட்டினால் ஸீரோ என்று நம்பவேண்டியதில்லை, ஆனாலும் அங்கே நீல நிறத்தின் சாயலே வரவில்லை.

பிறகு தன் நோட்டை எடுத்துக் காட்டினார். “அண்ணே, எல்லாம் சரியாத்தானே இருக்கு? கேஹெச் பாருங்க, பதினொன்னு, பதினொன்னு, பதினொன்னு. அசையவே இல்ல. இதைவிட ஸ்டேபிளா யாரு வச்சிருக்கா?” நான் கேட்டேன்: கேஹெச் குறையாமலிருக்கத் தினமும் கரைசல் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? “ஒன்னும் ஊத்துறதில்லண்ணே, வாரா வாரம் தண்ணி மாத்துறதோட சரி.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பவளம் வளர்வது என்றால் என்ன? தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து ஆரகோனைட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, படிய வைப்பது. கல் படிந்தால் கேஹெச் இறங்கியே ஆகவேண்டும், வேறு வழியே இல்லை. கணக்கும் எளிது. கேஹெச் ஒன்று இறங்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கல்லாகியிருக்கிறது. 300 லிட்டரில் அது ஐந்து கிராமுக்குச் சற்று மேல். ஒரு தொட்டியில் தினமும் கேஹெச் ஒன்று இறங்குகிறது என்றால் அங்கே வருடத்துக்கு இரண்டு கிலோவை நெருங்கும் அளவுக்குக் கல் உருவாகிறது என்று அர்த்தம், அதில் ஒரு பங்கு பாறையில் படரும் ஊதாப் பாசிக்கும் நத்தைக்கும் போனாலும். கடின பவளம் நிறைந்த ஒரு தொட்டியில் வாரம் முழுக்க கேஹெச் அசையவில்லை என்றால் அங்கே யாரும் கல் கட்டவில்லை. நண்பர் நிலைத்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தது வேலைநிறுத்தம்.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது புரிந்தது. கடலில் கேஹெச் ஏழை ஒட்டித்தான் இருக்கும். பவளத்தொட்டிக்கென்று விற்கும் சில உப்புகள் வேண்டுமென்றே பதினொன்று, பன்னிரண்டு என்று ஏற்றிவைக்கப்பட்டவை, வேகமாக வளரும் தொட்டிகளில் அது செலவாகிவிடும். இங்கே செலவழிக்க ஆளில்லை, அதனால் உப்பில் வந்தது அப்படியே நிற்கிறது. சத்து இல்லாத தண்ணீரில் கேஹெச் மட்டும் உயர்ந்திருந்தால் அக்ரோபோராவின் நுனிகள் கருகும் என்பது பல ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. எலும்பைக் கட்டு என்று தண்ணீர் தள்ளுகிறது, மேலே போர்த்தத் தோலுக்குச் சத்து இல்லை. அந்த வெள்ளை நுனிகளுக்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழுப்பைப் பொறுத்துக்கொள்ளுதல்

செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. உப்பை மாற்றி, சில வாரங்களில் கேஹெச்சை எட்டுக்கு இறக்கினோம். ஜிஎஃப்ஓவை ஒரேயடியாக எடுக்காமல் பாதியாக்கி, பிறகு காலியாக்கினோம். மீன் தீனியைக் கூட்டினோம், இன்னும் சில மீன்களைச் சேர்த்தோம். கரைந்த பாஸ்பேட்டைப் புட்டியில் வாங்கி ஊற்றுவது சிலர் வழி, நான் மீன் வழியாக வருவதையே விரும்புகிறேன், ஏனென்றால் அதில் அம்மோனியாவும் நுண்சத்துகளும் சேர்ந்து வருகின்றன. ஆனாலும் பாஸ்பேட் வாரக்கணக்கில் ஏறவே இல்லை. பாறை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உலர்ந்த பாறையில் தொடங்கிய தொட்டிகளில் இது அப்படித்தான் இருக்கும், சுண்ணாம்புக்கல் பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைக்கும், நிறைந்த பிறகுதான் தண்ணீரில் எண் தெரியத் தொடங்கும். இதே பாறை தலைகீழாகவும் வேலை செய்யும்: பாஸ்பேட் ஏறிப்போன தொட்டியில் எவ்வளவு ஜிஎஃப்ஓ போட்டாலும் பாறை திரும்ப விட்டுக்கொண்டே இருக்கும். எதையும் மெதுவாகச் செய்யச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிறகு பவளங்கள் பழுப்பாகின. நண்பருக்கு அது தாங்க முடியாத காலம். அந்த வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் போய், எல்லாம் ஒரே காப்பித்தூள் நிறம். படம் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். திசுவுக்குள் பாசி திரும்பிப் பெருகுகிறது, அதன் நிறம் பழுப்பு, பட்டினியிலிருந்து மீளும் பவளம் முதலில் காட்டும் நிறம் அதுதான். இந்தக் கட்டத்தில் பயந்துபோய் மறுபடி ஜிஎஃப்ஓவைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வெளிர் நிறங்களை அழகு என்று நம் கண்ணுக்குப் பழக்கியது நீல விளக்கில் எடுத்த படங்கள்தான். உடம்பில் பாசி குறைந்து, எலும்பின் வெள்ளை பின்னால் தெரிவதால் வரும் நிறம் அது. முழு வெளுப்புக்குச் சில படிகள் முன்னே நிற்கிற ஒரு நோயாளியைத்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழுப்போடு சேர்ந்து கேஹெச்சும் இறங்கத் தொடங்கியது. முதலில் நாளைக்கு 0.2, நம்பத்தகாத அளவு, சோதனையின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அப்புறம் அரை. அந்த அரையைப் பார்த்துதான் இருவரும் சந்தோஷப்பட்டோம், கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் மான்டிப்போராவின் ஓரத்தில் நூல் கனத்துக்கு வெள்ளை விளிம்பு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த விளிம்பில் பாலிப்கள் இன்னும் முளைக்கவில்லை, பாசியும் இன்னும் குடியேறவில்லை, புதிதாகப் படிந்த கல்லின்மேல் கண்ணாடித்தாள்போல ஒரு தோல் மட்டும் இருந்தது. கருகிய நுனியின் வெள்ளைக்கும் இந்த வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும். கருகியதில் தோல் இருக்காது, நாளாக ஆக அதில் பச்சைப்பாசி ஏறும். பிறகு அக்ரோபோரா பசையை மூடத் தொடங்கியது. பழுப்புக்கு மேலே பச்சையும் ஊதாவும் திரும்பியது கடைசியாகத்தான், இந்த முறை கனமான நிறமாக.

இப்போது அவர் தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது. கால்சியத்துக்கு ஒன்று, கேஹெச்சுக்கு ஒன்று என்று இரண்டு கரைசல், அளவாக ஊற்றும் டோசிங் பம்ப் வழியாக. கேஹெச் 2.8 செலவானால் கால்சியம் 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) செலவாகும், இந்த விகிதம் தெரிந்தால் குழப்பமில்லை. நான் என் தொட்டிக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் பயன்படுத்துகிறேன். வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், தூய்மையானதாகப் பார்த்து வாங்க வேண்டும், காரம் மிக அதிகம் என்பதால் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை

இதைப் படித்துவிட்டு யாரும் தொட்டியைக் கவனிக்காமல் விடக்கூடாது. எனக்கு மனநிம்மதி தரும் அளவு நைட்ரேட் 5லிருந்து 10, பாஸ்பேட் 0.03லிருந்து 0.1 பிபிஎம். இதற்கு மேல் பல தொட்டிகள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் அங்கே மீனும் பவளமும் பாசி தின்னும் நத்தைகளும் வருடக்கணக்கில் பழகி ஒரு சமநிலை வந்திருக்கும், புதுத் தொட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது. மறுபக்கத்தில், இரண்டும் ஸீரோவானால் வேறொரு ஆபத்து உண்டு: பச்சைப்பாசியும் பாக்டீரியாவும் பசியில் தளர்ந்த இடத்தை டைனோக்கள் என்னும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும், பழுப்பு நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழியோடு. அதைப் பார்த்துவிட்டு அழுக்கு என்று நினைத்து இன்னும் சுத்தம் செய்வார்கள், அது இன்னும் பரவும். நான் பார்த்ததிலேயே மனதுக்குக் கஷ்டமான தொட்டிகள் அவைதான். குழாய்நீரை நேராக ஊற்றக்கூடாது, இங்கே குளோராமின் சேர்க்கிறார்கள், கரைந்ததையெல்லாம் நீக்கும் ஆர்ஓடிஐ வடிகட்டி அவசியம். வெப்பத்தில் எந்தச் சமரசமும் கிடையாது, நான் 26 டிகிரியில் வைத்திருக்கிறேன், இந்த ஊரில் சில்லர் ஒரு மதியம் நின்றால் 30ஐத் தாண்டிவிடும்.

எங்கள் சிங்கப்பூர்க் கடலையே பாருங்கள். புலாவ் ஹந்து தீவுப் பக்கம் முங்கினால் சில நேரம் நீட்டிய கையே மங்கலாகத் தெரியும். நிலமீட்பில் பாறைத்திட்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன, மிஞ்சிய கலங்கலில் வெளிச்சம் சில மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. அப்படியிருந்தும் ஏறக்குறைய 250 வகைக் கடின பவளங்கள் இங்கே வாழ்கின்றன. மண்டிக் கலங்கலும் கரைந்த சத்தும் ஒன்றல்ல, மண் படிந்தால் பவளம் மூச்சுத்திணறத்தான் செய்யும், இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கவில்லை. படிகத் தெளிவுதான் பவளத்தின் இயல்பான வீடு என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். பவளத்தொட்டிகளில் வளர்க்கும் ஜூவாந்தஸ், பாலிதோவா வகை உயிர்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள், அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள், அந்த ஆவியில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இன்னொன்று, இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: கடின பவளங்கள் எல்லாமே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்த காலம் இருந்தது, அந்தச் சேதத்துக்குப் பிறகு வந்த பாதுகாப்பு அது, யாராவது ரகசியமாக விற்றாலும் வாங்காதீர்கள். சிங்கப்பூரிலும் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். 2018ல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது கடைகள் வெறிச்சோடின, அப்போதுதான் எங்களுக்குள் ஃப்ராக் கொடுத்து வாங்கும் பழக்கம் வலுத்தது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த துண்டு கடலிலிருந்து வந்ததைவிடச் சீக்கிரம் ஒட்டுகிறது, கடலில் ஒரு கிளை மிஞ்சுகிறது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

செங்காங் நண்பருக்கு இப்போது நைட்ரேட் எட்டில் நிற்கிறது. இரண்டுக்கு இறக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், பழைய பழக்கம் விடவில்லை. கேஹெச் இறங்கும் வேகம் குறையாதவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது: மான்டிப்போராவின் மேல்தட்டு அகலமாகி, கீழே இருக்கும் ஸ்டைலோபோராவுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. அடுத்த வாரம் அதை வெட்டுகிறோம். ஒரு துண்டு எனக்கு, ஒன்று பிடோக் ஐயாவுக்கு.